காரின் கூரையில் அலைச்சறுக்குப் பலகை: பாதுகாப்பாகக் கொண்டு செல்லும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அலைச்சறுக்கு என்பது அயல்நாட்டுத் திரைப்படங்களில் மட்டுமே காணக் கிடைத்த விளையாட்டாக இருந்தது. இன்று கர்நாடகத்தின் முல்கி, கேரளத்தின் வர்க்கலை, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி, ஆந்திரத்தின் விசாகப்பட்டினம், அந்தமானின் சிற்றந்தமான் தீவு எனப் பல கடற்கரைகளில் பயிற்சி நிலையங்கள் இயங்கி வருகின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற பிறகு இவ்விளையாட்டின் மீது இளைஞர்கள் கொண்டுள்ள ஆர்வம் மேலும் பெருகியுள்ளது.

தொடக்கத்தில் எல்லோரும் கடற்கரையிலேயே பலகையை வாடகைக்கு எடுக்கின்றனர். பழகிய பின் சொந்தப் பலகை வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. பலகை வாங்கியதும் ஒரு நடைமுறைச் சிக்கல் எதிர்ப்படுகிறது. ஏழு, எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள இப்பொருளைப் பெங்களூருவிலிருந்து முல்கிக்கோ, சென்னை நகருக்குள்ளிருந்து கோவளத்திற்கோ எவ்வாறு கொண்டு செல்வது? காரின் கூரையே இயல்பான விடை. ஆனால் கூரையில் வைத்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்தானது.

நெடுஞ்சாலையில் கூரையிலிருந்து பிடுங்கப்படும் பலகை முதலில் பின்னால் வருபவரைத்தான் தாக்கும். நம் நாட்டுச் சாலைகளில் பின்னால் வருபவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் வருபவர். அவரைச் சுற்றிப் பாதுகாப்பு அளிக்கும் கண்ணாடியோ இரும்புக்கூடோ கிடையாது. ஆகவே பலகையைக் கட்டும் முறையை அறிந்திருப்பது நம் உடைமையைக் காப்பதற்காக மட்டுமன்று. பிறர் உயிரைக் காப்பதற்காகவும் ஆகும்.

எடை குறைந்ததால் கூடிய சிக்கல்

அலைச்சறுக்கு ஹவாய்த் தீவுகளின் தொன்மையான கலை. அங்கே பலகைகள் கெட்டி மரத்தில் செதுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் இவ்விளையாட்டை உலகெங்கும் பரப்பிய டியூக் கஹானமோகு பயன்படுத்திய மரப்பலகை ஒன்று 16 அடி நீளமும் சுமார் 52 கிலோ எடையும் கொண்டிருந்தது. அத்தகைய பலகையைத் தூக்குவதுதான் கடினம். காற்று அதனை எளிதில் அசைக்க இயலாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும், 1950களின் இறுதியில் பாலியூரித்தேன் நுரையும் பலகைத் தயாரிப்பில் புகுந்தன. இன்றைய பலகையின் உட்புறம் நுரை. அதன்மீது பிசின் ஊட்டிய கண்ணாடியிழைத் துணி மெல்லிய ஓடுபோலப் போர்த்தப்பட்டிருக்கும். ஆறடிக் குறும்பலகை ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். ஒன்பதடி நெடும்பலகையும் பெரும்பாலும் 6 முதல் 9 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு சிறுவனும் தூக்கிச் செல்லக்கூடிய எடை இது.

ஆனால் பரப்போ பெரிது. அகன்ற பரப்பு, மிகக் குறைந்த எடை, ஓரங்கள் வழவழப்பாக வளைந்த வடிவம் ஆகிய மூன்றும் ஒரு விமான இறக்கைக்கும் உரிய இயல்புகள். அலைமேல் எளிதாக எழுந்து விரைவதற்காக உருவாக்கப்பட்ட வடிவம் காற்றிலும் அவ்வாறே எழ முயல்கிறது. மேலும், வெளியோடு மெல்லியது என்பதால் ஓரிடத்தில் அளவுக்கு மீறி அழுத்தினால் குழி விழும், விரிசலும் ஏற்படும். ஆகவே பலகையைக் காற்று பிடுங்காதவாறு இறுக்கமாகவும், ஓடு நொறுங்காதவாறு மென்மையாகவும் கட்ட வேண்டியுள்ளது. பின்வரும் எல்லா அறிவுரைகளும் இவ்விரு தேவைகளை இணைப்பதற்கான வழிகளே.

காற்றின் கணக்கு

காற்று தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்றை நேராக எதிர்கொள்ளும் பரப்பின்மீது சதுர மீட்டருக்குச் சுமார் 7.5 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகிறது. 60 கி.மீ. வேகத்தில் அது 17 கிலோ, 80 கி.மீ. வேகத்தில் 30 கிலோ, 100 கி.மீ. வேகத்தில் 47 கிலோ.

பலகை கிடையாக இருக்கும்போது இவ்வழுத்தம் முழுவதும் அதன்மீது விழுவதில்லை. காற்று மேலும் கீழும் வழுக்கிச் சென்றுவிடும். ஆனால் முன்முனை சற்றே தலைதூக்கினால் நிலைமை மாறும். அழுத்தத்தின் ஒரு பகுதி மேல்நோக்கிய இழுப்பாக மாறுகிறது. ஒன்பதடிப் பலகையின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் சற்று அதிகம். அழுத்தத்தில் பாதி மட்டுமே மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டாலும், 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 25 கிலோ விசை பலகையை மேலே தூக்கும். பலகையின் சொந்த எடையைப்போல் இது மூன்று மடங்கு. வீட்டு வாசலில் அசையாமல் கிடந்த பலகை நெடுஞ்சாலையில் துள்ளுவதன் காரணம் இதுவே.

எதிர்க்காற்றையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது 80 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் கூரை 100 கி.மீ. வேகக் காற்றை எதிர்கொள்கிறது. எதிரே விரைந்து வரும் பேருந்தோ சரக்கு லாரியோ கடக்கும் கணத்தில் ஏற்படும் காற்றடியும் பக்கவாட்டில் பலகையைத் தள்ளும். கட்டு சிறிது தளர்ந்திருந்தால் போதும். பலகை ஒருபுறமாக நகரத் தொடங்கும். நகரும் பலகை கட்டை மேலும் தளர்த்தும்.

கூரை எதனைத் தாங்கும்?

ஒவ்வொரு காருக்கும் கூரைமீது ஏற்றத்தக்க உச்ச எடையைத் தயாரிப்பாளர் நிர்ணயித்துள்ளார். வாகனத்துடன் தரப்படும் உரிமையாளர் கையேட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். குறுக்குக் கம்பிகள், பட்டைகள், உறைகள் ஆகியவற்றின் எடையும் இவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். அலைச்சறுக்குப் பலகைகளின் எடை பொதுவாக இவ்வரம்பைத் தொடுவதில்லை. எனினும் பலகைகளுடன் கூடாரம், பயணப்பெட்டிகள் ஆகியவற்றையும் கூரையில் ஏற்றும் குடும்பங்கள் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். கூரையில் எடை கூடினால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் கார் சாயும் தன்மையும் கூடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கூரைத் தண்டவாளம். நம் நாட்டில் விற்கப்படும் பல கார்களின் கூரையில் இருபுறமும் நீளவாட்டில் கம்பிபோல் ஓர் அமைப்பு காணப்படும். எல்லாத் தண்டவாளங்களும் எடையைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. சில கார்களில் அவை அழகுக்காக ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் பட்டைகள் மட்டுமே. அவற்றில் குறுக்குக் கம்பியைப் பொருத்தினால் முதல் வலுவான காற்றிலேயே கம்பியோடும் பலகையோடும் சேர்ந்து பிய்ந்துவிடக்கூடும். உங்கள் காரின் தண்டவாளம் எடை தாங்கவல்லதா என்பதைக் கையேட்டிலோ அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்திலோ உறுதி செய்துகொண்ட பின்னரே கம்பிகளை வாங்குங்கள்.

குறுக்குக் கம்பிகள் இரண்டும் இயன்ற அளவு விலகி இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் நீண்ட பலகை ஏற்றப்பாடுபோல் முன்பின்னாக ஆடும். 70, 80 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தால் நன்று. கம்பிகளின்மீது நுரைத் திண்டுகளைப் பொருத்துவது இன்றியமையாதது. வெறும் உலோகத்தின்மீது பலகை அமர்ந்தால் ஒரே பயணத்தில் ஓட்டில் பள்ளம் விழும்.

தண்டவாளமே இல்லாத சிறிய கார் வைத்திருப்பவர்கள் மென்திண்டுக் கேரியர்களைப் பயன்படுத்தலாம். இரண்டு நுரைத் திண்டுகளைக் கூரையின் குறுக்கே வைத்து, அவற்றின் பட்டைகளைத் திறந்த கதவுகளின் வழியே காருக்குள் செலுத்தி இறுக்கும் முறை இது. பட்டையைச் சன்னல் வழியே செலுத்தக் கூடாது. அவ்வாறு செய்தால் கதவைத் திறக்க இயலாது. கதவை மூடுமுன் இருக்கைப் பட்டைகள் இடையில் சிக்கியுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். திண்டுகளை வைக்குமுன் கூரையைத் துடைக்காவிட்டால், இடையில் அகப்பட்ட மணல் உப்புத்தாள்போல் வண்ணப்பூச்சைத் தேய்த்துவிடும். இம்முறை குறுகிய தொலைவுக்கும் ஒன்றிரண்டு பலகைகளுக்கும் ஏற்றது. நெடுந்தொலைவு நெடுஞ்சாலைப் பயணத்திற்கு நிலையான குறுக்குக் கம்பிகளே உகந்தவை.

பலகையை வைக்கும் முறை

பலகையில் நாம் நிற்கும் பரப்பை மேற்புறம் என்றும், நீரைத் தொடும் பரப்பை அடிப்புறம் என்றும் கொள்வோம். அடிப்புறத்தின் வால்பகுதியில் மீனின் செட்டையைப் போன்ற சிறு செட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். பலகையின் மூக்கு மேற்புறம் நோக்கிச் சற்று வளைந்திருக்கும்.

கூரையில் வைக்கும்போது பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதாவது, மேற்புறம் கீழாகவும் செட்டைகள் வானத்தை நோக்கியும் இருக்க வேண்டும். இவ்வாறு வைத்தால் மூக்கின் வளைவு கீழ்நோக்கி அமைகிறது. காற்று அடியில் புகுந்து தூக்குவதற்கான வாய்ப்புக் குறைகிறது. நிமிர்த்தி வைத்தால் வளைந்த மூக்கு காற்றைக் கோரி எடுக்கும் கரண்டியாகிவிடும்.

செட்டைகள் உள்ள வால்முனை காரின் முன்பக்கம் இருக்குமாறு வைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. வால்முனையில் வளைவு குறைவு என்பது ஒரு காரணம். முன்பட்டையைச் செட்டைகளுக்குப் பின்னால் கட்டினால், காற்றின் விசையால் பலகை பின்னோக்கி நழுவ முயலும்போது செட்டைகள் பட்டையில் தடைபட்டு நின்றுவிடும் என்பது மற்றொரு காரணம். கழற்றக்கூடிய செட்டைகளாயின், அவற்றைக் கழற்றிவிட்டுப் பலகையை உறைக்குள் இட்டுக் கட்டுவோரும் உண்டு. அவ்வாறு செய்பவர்கள் மேற்கூறிய தடை இனி இல்லை என்பதை நினைவிற்கொண்டு பட்டைகளின் இறுக்கத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

பலகையின் நடுப்பகுதி இரு கம்பிகளுக்கும் இடையே சமமாக அமைய வேண்டும். நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய காரிலும் ஒன்பதடிப் பலகை, அதாவது சுமார் 2.75 மீட்டர், வாகன உடலின் நீளத்திற்குள் அடங்கிவிடும். ஆனால் கூரையின் நீளம் அதனினும் குறைவு என்பதால் முன்கண்ணாடிக்கு மேலும் பின்கதவுக்கு மேலும் பலகை நீண்டிருக்கும். ஓட்டுநரின் பார்வையை முன்முனை மறைக்கிறதா என்பதை இருக்கையில் அமர்ந்து பாருங்கள். பின்கதவைத் திறந்தால் பலகையில் மோதுமா என்பதையும் கட்டுவதற்கு முன்பே மெதுவாகத் திறந்து சோதியுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகளாயின் மிக நீளமானது அடியிலும் குட்டையானது மேலேயும் வர வேண்டும். இரு பலகைகளுக்கு இடையே தடித்த துண்டோ நுரை விரிப்போ இருத்தல் வேண்டும். ஓர் அடுக்கில் மூன்றுக்கு மேல் வைக்காதிருப்பது நல்லது. அடுக்கு உயர உயரப் பட்டையின் பிடி தளரும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பும் கூடும்.

கட்டும் முறை

எதனால் கட்டுவது என்பதே முதற்கேள்வி. வீட்டில் கிடக்கும் நைலான் கயிறு வேண்டாம். நைலான் இழுபடும் தன்மை உடையது. நனைந்தால் மேலும் தளரும். இருசக்கர வாகனங்களில் பொருள் கட்டப் பயன்படும் கொக்கி வைத்த ரப்பர் கயிறும் வேண்டாம். மேல்நோக்கிய இழுப்பு வரும்போது அது நீண்டு இடம் கொடுக்கும். காற்று அந்த இடைவெளியில் புகும். லாரிகளில் சரக்கை இறுக்கும் ராட்செட் பட்டையோ நேர்மாறான தீங்கைச் செய்யும். அதன் நெம்புகோல் தரும் விசை பலகையின் ஓரத்தை நொறுக்கிவிடும்.

இப்பணிக்கு உகந்தது கேம் பக்கிள் பட்டை. சுமார் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடாவும், பல்வைத்த சிறு பக்கிளும் கொண்ட இப்பட்டையைக் கையால் இழுத்து இறுக்கலாம். கையின் வலிமைக்கு மேல் இறுக்க இயலாது என்பதே இதன் சிறப்பு. பக்கிளின் பின்புறம் ரப்பர் திண்டு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டும் வரிசை பின்வருமாறு:

1. பக்கிளைக் காரின் ஒருபுறம் கையில் பிடித்துக்கொண்டு, பட்டையின் மறுமுனையை மட்டும் பலகையின் மேலாக எதிர்ப்புறம் எறியுங்கள். பக்கிளை எறிந்தால் கண்ணாடியோ எதிரே நிற்பவரோ அடிபடக்கூடும்.

2. எதிர்ப்புறம் சென்று பட்டையைக் குறுக்குக் கம்பியின் அடியில் நுழைத்து, மீண்டும் பலகையின் மேலாக முதற்பக்கத்திற்குக் கொண்டுவாருங்கள். பட்டை பலகையின் ஓரத்தை ஒட்டியே கம்பியைச் சுற்ற வேண்டும். அகலமாகச் சுற்றினால் பலகை பக்கவாட்டில் நகர இடமுண்டாகும்.

3. முதற்பக்கத்திலும் கம்பியின் அடியில் நுழைத்துப் பக்கிளில் செலுத்துங்கள். பக்கிள் பலகையின் கூரிய ஓரத்தின்மீது அமையாமல் சற்று விலகி இருக்கட்டும்.

4. கையால் உறுதியாக இழுங்கள். பலகையின் மீது பட்டை அழுந்தி நிற்க வேண்டும். ஓடு உள்வாங்கும் அளவிற்கோ நெறியும் ஓசை எழும் அளவிற்கோ இறுக்க வேண்டாம்.

5. பின்கம்பியிலும் இதேபோல் மற்றொரு பட்டையைக் கட்டுங்கள். எத்துணைக் குறுகிய பயணமாயினும் இரண்டு பட்டைகள் தேவை. ஒன்று நழுவினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

6. எஞ்சிய பட்டை முனைகளைச் சுற்றி முடிந்துவிடுங்கள். காற்றில் படபடக்கும் முனை வண்ணப்பூச்சைக் கீறுவதோடு பக்கிளையும் மெல்லத் தளர்த்தும்.

பயணத்தின்போது கூரையிலிருந்து ரீங்காரம்போல் ஓர் ஓசை எழுந்தால் அது தட்டையான பட்டை காற்றில் அதிர்வதன் விளைவு. பலகைக்கும் கம்பிக்கும் இடைப்பட்ட பகுதியில் பட்டைக்கு ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் அதிர்வு அடங்கும்.

ஒன்பதடியும் அதற்கு மேலும் நீளமுள்ள பலகைகளுக்கு நெடுஞ்சாலைப் பயணத்தில் மூன்றாவது பிடியும் அளிக்கலாம். முன்முனையிலிருந்து ஒரு பாலியெஸ்டர் கயிற்றைக் காரின் இழுவைக் கொக்கி வரை கொண்டு சென்று கட்டினால் முனை தலைதூக்காது.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. பலகையின் முனையைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பலகை தனியாக ஆடினால் கட்டு போதாது. பலகையோடு சேர்ந்து காரும் குலுங்கினால் கட்டு சரி. புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி ஒருமுறை பாருங்கள். நுரைத் திண்டுகள் அழுந்தி அமர்வதால் முதல் சில கிலோமீட்டர்களில் பட்டை சற்றுத் தளர்வது இயல்பு. அதன்பின் தேநீருக்காக நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை இழுத்துப் பார்ப்பது போதும்.

வெயில், மழை, உப்பு

நம் நாட்டு வெயிலும் பலகைக்குப் பகைதான். வெளியில் 40 டிகிரி வெப்பம் நிலவும்போது மூடிய காருக்குள் 60 டிகிரியை எட்டக்கூடும். உட்புற நுரையில் சிறைப்பட்ட காற்று விரிவடைந்து, மேலோடு நுரையிலிருந்து கொப்புளம்போல் பிரியலாம். அவ்வாறு பிரிந்த பலகையைச் செப்பனிடுவது செலவு மிக்கது. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசப்படும் மெழுகும் உருகித் திண்டுகளிலும் கூரையிலும் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு உறைகளைத் தவிர்த்து, ஒளியைத் திருப்பும் வெள்ளி நிற உறைகளைத் தேர்ந்தெடுங்கள். உணவிற்காக நிறுத்தும்போது நிழலில் நிறுத்துங்கள். உறை காற்றில் உப்பிப் பறவாதவாறு பலகைக்குப் பொருத்தமான அளவில் இருத்தலும் அவசியம்.

மழைக்காலத்தில் மென்திண்டுக் கேரியரின் பட்டைகள் வழியே நீர் காருக்குள் சொட்டும். கதவுக்கு வெளியே பட்டையில் ஒரு துணித்துண்டைக் கட்டினால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் பட்டைகளையும் பக்கிள்களையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பக்கிளின் விற்சுருளில் உப்புப் படிந்தால் துருப்பிடித்துப் பல் சரியாகக் கவ்வாது. வெயிலில் நெடுநாள் கிடந்த நாடா வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஓரம் பிய்ந்த பட்டையையோ அத்தகைய பட்டையையோ தயங்காமல் மாற்றிவிடுங்கள். பலகையின் விலையோடு ஒப்பிட்டால் பட்டையின் விலை மிகச் சிறியது.

சாலையில்

நான்கு வழி நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு 100 கி.மீ. வரை வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். எனினும் கூரையில் பலகை இருக்கும்போது 80 கி.மீ. வேகத்தைக் கடவாதிருப்பது நன்று. மேலே கண்ட கணக்கின்படி 100லிருந்து 80க்குக் குறைத்தாலே காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். முன்செல்லும் வாகனத்திற்கு வழக்கத்தினும் கூடுதல் இடைவெளி விடுங்கள். திடீரென நிறுத்த நேர்ந்தால் பலகை முன்னோக்கிப் பாய முயலும். அத்திசையில் பட்டைகளின் இறுக்கம் மட்டுமே அதனைத் தடுத்து நிறுத்துகிறது. அறிவிப்பின்றி எதிர்ப்படும் வேகத்தடைகளில் துள்ளிச் செல்வதும் கட்டைத் தளர்த்தும்.

பெங்களூருவிலிருந்து மங்களூருப் பக்கம் செல்வோர் சிராடி மலைப்பாதை போன்ற வளைவு மிகுந்த வழிகளில் இறங்க வேண்டியிருக்கும். மலையிறக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பட்டைகளைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் ஏற்படும் விபத்துகளும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி நிறுத்துமிடம், விடுதியின் தாழ்ந்த முகப்பு, தானியங்கித் தடுப்புக் கம்பம் ஆகியவற்றில் கூரைப் பலகை மோதி உடைவது எளிது. காரின் உயரத்தோடு கம்பி, பலகை, செட்டை ஆகியவற்றின் உயரத்தையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். இரவில் பலகையைக் கூரையிலேயே விட்டுவைக்க வேண்டாம். கேம் பக்கிளை எவரும் ஒரு நொடியில் திறந்துவிடலாம்.

பயணம் முடிந்தபின் குறுக்குக் கம்பிகளையும் கழற்றிவிடுவது சிக்கனம். கூரையின் மேலுள்ள எதுவும் காற்றின் தடையைக் கூட்டும்; எரிபொருள் செலவையும் கூட்டும். கூரையில் பெரிய பெட்டியைப் பொருத்திச் செல்லும்போது விரைவுச் சாலை வேகத்தில் எரிபொருள் திறன் 10 முதல் 25 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது. பலகைகள் பெட்டியைவிட மெலிந்தவை என்பதால் இழப்பு இதனினும் குறைவாகவே இருக்கும். ஆயினும் பயனின்றிச் சுமந்து திரியும் கம்பிகளுக்காகவும் நாம் பெட்ரோல் செலவிட வேண்டுமா?

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவு, சுமை வாகன உடலின் பக்கங்களுக்கு வெளியே நீண்டிருந்தாலோ, முன்னும் பின்னும் உயரத்திலும் அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறினாலோ 20,000 ரூபாய் அபராதமும் சுமையை இறக்குவதற்கான செலவும் விதிக்க வகை செய்கிறது. ஆகவே பலகையை ஒருபோதும் குறுக்குவாட்டில் வைக்காதீர்கள். காரின் நீளத்தை மீறும் பலகையாயின் அதைவிட நீளமான வாகனத்தையே பயன்படுத்துங்கள். கேரியரைப் பொறுத்தவரை, பற்றவைத்தோ துளையிட்டோ கூரையை மாற்றியமைக்க வேண்டாம். தயாரிப்பாளர் அங்கீகரித்த, கழற்றக்கூடிய துணைக்கருவிகளையே வாங்குங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும் வகையில் மாற்றம் செய்வதை அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

காப்பீட்டைப் பொறுத்தவரை மூன்று செய்திகளை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்பீடு. உங்கள் வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை இது ஏற்கிறது. சட்டப்படி இது கட்டாயம். உயிரிழப்புக்கும் காயத்திற்கும் இழப்பீட்டைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். பிறருடைய பொருட்சேதத்திற்குத் தனியார் கார்களின் பாலிசியில் வழக்கமாக உள்ள வரம்பு 7.5 லட்சம் ரூபாய். பாலிசி காலாவதியாகியிருக்கும் நாளில் விபத்து நேர்ந்தால் முழுச் சுமையும் உரிமையாளரின் சேமிப்பின்மீதே விழும். பயணத்திற்கு முன் பாலிசியின் இறுதித் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது, காருக்கான சேதம். கூரைக் கம்பி பிய்ந்து கூரை நெளிந்தால் அதற்கு இழப்பீடு பெற, சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய விரிவான பாலிசி வேண்டும். நீங்களாக வாங்கிப் பொருத்திய குறுக்குக் கம்பிகள், கேரியர் ஆகியவற்றைப் பாலிசி எடுக்கும்போது தெரிவித்து, அவற்றின் மதிப்பையும் சேர்த்தாலன்றி அவற்றிற்கு இழப்பீடு கிடைப்பது அரிது. வங்கிக் கடனில் வாங்கிய காராயின், கடன் முடியும்வரை விரிவான பாலிசியைத் தொடர்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, பலகை. மோட்டார் பாலிசி காருக்கானது. காரில் ஏற்றிச் செல்லும் உடைமைகளுக்கானது அன்று. தனிப்பட்ட உடைமைகளுக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தாலும், கூரையில் திறந்தவெளியில் கட்டப்பட்ட பொருளுக்கு அது பொருந்துமா என்பதை நிபந்தனைகளைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டறிவது நல்லது. பலகை வாங்கிய ரசீதையும் ஒளிப்படத்தையும் பாதுகாத்து வையுங்கள்.

புறப்படுமுன் ஒருமுறை

பலகை கவிழ்ந்துள்ளதா? செட்டைகள் முன்னே உள்ளனவா? இரு கம்பிகளிலும் தனித்தனிப் பட்டைகள் உள்ளனவா? முனைகள் முடியப்பட்டனவா? ஆட்டிப் பார்த்தபோது கார் குலுங்கியதா? பின்கதவு தடையின்றித் திறக்கிறதா? உயரச் சீட்டு ஒட்டப்பட்டதா? பாலிசி நடப்பில் உள்ளதா?

இவ்வெட்டு வினாக்களுக்கும் விடை காணப் பதினைந்து நிமிடங்கள் போதும். அதிகாலை அலையைப் பிடிக்கும் ஆவலில் இருட்டிலேயே புறப்படுவோர் இந்தப் பதினைந்து நிமிடங்களைத்தான் முதலில் தவிர்க்கின்றனர். முந்தைய நாள் மாலையிலேயே கம்பிகளையும் திண்டுகளையும் பொருத்தி, பட்டைகளை எடுத்து வைத்துவிட்டால் காலையில் பலகையை ஏற்றிக் கட்டும் வேலை மட்டுமே எஞ்சும். பட்டையை இறுக்கிய கை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டால், பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவரும் அச்சமின்றித் தம் வழியே செல்லலாம்.